தண்ணீரே ஊற்றாமல் வீட்டில் முட்டை நூடுல்ஸ்

முட்டை நூடுல்ஸ் செய்ய மெஷின் எதுவும் வேண்டாம். மைதா, முட்டை, உப்பு, பூரிக்கட்டை, நல்ல கூர்மையான கத்தி, இவ்வளவு போதும். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: இது சப்பாத்தி மாவும் இல்லை, பரோட்டா மாவும் இல்லை. நம் கை இளக்கமான மாவுக்குப் பழகிய கை, மாவு கொஞ்சம் விறைப்பாகத் தெரிந்தாலே தண்ணீர்ச் சொம்பைத் தேடும். இங்கே அந்தச் சொம்பை எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், சப்பாத்திக்கு 100 கிராம் மாவுக்கு 60 முதல் 70 மில்லி வரை தண்ணீர் போகும். நூடுல்ஸில் 100 கிராம் மைதாவுக்குச் சுமார் 50 கிராம் முட்டை, அவ்வளவுதான். முட்டையிலும் முக்கால் பங்கு தண்ணீர்தான் என்பதால் மாவுக்குக் கிடைக்கும் ஈரம் 38 மில்லியைத் தாண்டாது. அந்தக் குறைந்த ஈரத்தில் பிசைந்த மாவுதான் மெல்லிசாகத் தேய்த்தாலும் கிழியாது, வெட்டிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாது, கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் கூழாகாது. தண்ணீர் ஊற்றி இளக்கிய மாவைப் பிசைவது சுகமாகத்தான் இருக்கும், ஆனால் வெட்டும்போதே இழைகள் கட்டியாகச் சேர்ந்துகொள்ளும், அதற்கப்புறம் எதுவும் செய்ய முடியாது.

சரி, அளவுக்கு வருவோம். மூன்று பேருக்கு 200 கிராம் மைதா, அரை டீஸ்பூன் உப்பு. நம் கடைகளில் கிடைக்கும் முட்டை பெரும்பாலும் ஓட்டோடு 50, 55 கிராம்தான் இருக்கும், ஓடு போனால் 45 சொச்சம். அதனால் இரண்டு முழு முட்டையும் கூடுதலாக ஒரு மஞ்சள் கருவும் எடுங்கள். நாட்டுக்கோழி முட்டை என்றால் மூன்று ஆகலாம். சின்னத் தராசு இருந்தால் குழப்பமே இல்லை, உடைத்து ஊற்றியது 105 முதல் 110 கிராமுக்குள் இருக்க வேண்டும். கூடுதல் மஞ்சள் கரு நிறத்துக்காக மட்டும் இல்லை. அதில் இருக்கும் கொழுப்புதான் நூடுல்ஸுக்கு மென்மை தருகிறது, வெள்ளைக் கரு சூட்டில் இறுகி இழைக்கு உறுதி தருகிறது. வெறும் வெள்ளைக் கருவில் செய்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும், வெறும் மஞ்சள் கருவில் செய்தால் வாயில் பட்டு மாதிரி இருக்கும் என்றாலும் தேய்க்கும்போது ஓரமெல்லாம் பிளக்கும். முழு கோதுமை மாவு சேர்க்க ஆசைப்பட்டால் கால் பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போனால் தவிடு குறுக்கே வந்து இழை ஒடியும்.

அகலமான பாத்திரத்தில் மைதாவையும் உப்பையும் கலந்து, நடுவில் குழித்து, முட்டையை ஊற்றி, முள்கரண்டியால் முட்டையை அடித்துக்கொண்டே ஓரத்து மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுங்கள். ஒரு கட்டத்தில் அது புட்டுக்கு விரவிய மாவு போல உதிரி உதிரியாகத் தெரியும், பிடித்தால் பிடிபடும், விட்டால் உதிரும். பலரும் பயந்து தண்ணீர் ஊற்றுவது இந்த இடத்தில்தான். ஊற்றாதீர்கள். அந்த உதிரியை எல்லாம் கையால் சேர்த்து அழுத்தி ஒரு கட்டியாக்கி, மேடையில் போட்டு உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி மடித்து, தள்ளி மடித்து, எட்டிலிருந்து பத்து நிமிடம் வரை பிசையுங்கள். அடியில் தங்கிய உலர்ந்த மாவு எவ்வளவு பார்த்தும் சேரவில்லையென்றால் விரல் நுனியை மட்டும் தண்ணீரில் நனைத்துக்கொண்டு பிசையலாம், அதுவே போதும்.

கை வலிக்கும், அது நிஜம். ஹாங்காங், மக்காவ், குவாங்டோங் பக்கம் மூங்கில் நூடுல்ஸ் போடும் கைவினைஞர்கள் வாத்து முட்டை ஊற்றிப் பிசைந்த மாவின் மேல் பருத்த மூங்கில் கழியை வைத்து, அதன் ஒரு முனையைச் சுவரோரம் மாட்டிவிட்டு, மறுமுனையில் ஏறி உட்கார்ந்து எம்பி எம்பி அழுத்துவார்கள். ஒரு ஆளின் முழு எடையும் தேவைப்படும் அளவுக்கு அந்த மாவு விறைப்பாக இருக்கும். நம்மிடம் மூங்கில் இல்லை, ஆனால் நேரம் இருக்கிறது. ஐந்து நிமிடம் பிசைந்தும் மாவு முரண்டு பிடித்தால், மூடி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்து மறுபடி பிசையுங்கள், அதே மாவு இப்போது கைக்கு அடங்கும்.

அதன் பிறகு ஊறவிடுவது. இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன், பிசைவதைக்கூட இதற்கு அடுத்துதான் வைப்பேன். பிசைந்து முடித்த உருண்டையைக் கத்தியால் பாதியாக வெட்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளை வெள்ளையாக உலர்ந்த மாவுப் புள்ளிகள் தெரியும், மேல்தோல் சொரசொரவென்று இருக்கும். அதை மறுபடி சேர்த்து ஈரத்துணியோ மூடி போட்ட டப்பாவோ கொண்டு மூடி முக்கால் மணி நேரம் விட்டுவிட்டு வெட்டினால் புள்ளி ஒன்றுகூட இருக்காது, வெட்டிய முகம் வழவழவென்று தந்த நிறத்தில் இருக்கும். அந்த நேரத்தில் முட்டையின் ஈரம் மாவு முழுக்கப் பரவிவிடுகிறது, பிசைந்ததில் இறுகிப்போன பசையமும் (மாவுக்கு இழுவை தரும் குளூட்டன்) தளர்கிறது. தளராத மாவைத் தேய்த்தால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், பச்சை முட்டை இருக்கிறது. தள்ளிப்போட வேண்டுமென்றால் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தேய்ப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள்.

சப்பாத்திப் பலகை இதற்குப் பத்தாது. கிரானைட் மேடையை நன்றாகத் துடைத்துவிட்டு அதிலேயே தேய்ப்பது நல்லது. மாவை நான்காகப் பிரித்து, ஒன்றை எடுத்ததும் மீதியை மூடி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் தோல் காய்ந்துவிடும். மேலே தூவ மைதாவைவிடக் கார்ன்ஃப்ளார் சிறந்தது. மைதா ஈரம் பட்டதும் மாவோடு சேர்ந்து பசையாகும், கார்ன்ஃப்ளார் பொடியாகவே நின்று கொதிநீரில் உதிர்ந்துவிடும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்த்து, அடிக்கடி திருப்பிப் போட்டு, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். அளக்க வேண்டாம், ஒரு ஓரத்தைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல்களின் நிழல் தெரிய வேண்டும். போதும் என்று தோன்றிய பிறகும் இன்னொரு முறை தேய்த்துவிடுங்கள், ஏனென்றால் வெந்ததும் இழை நன்றாகப் பருத்துவிடும். மாவு பின்வாங்கினால் மல்லுக்கட்டாதீர்கள், அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த உருண்டையை எடுங்கள்.

தேய்த்த தகடுகளை ஐந்து நிமிடம் அப்படியே காயவிட்டு (ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம், ஓரம் வெடிக்கும்), இரண்டு பக்கமும் கார்ன்ஃப்ளார் தூவி, புடவைக் கொசுவம் வைப்பது போல் மாற்றி மாற்றி மடித்து, கத்தியை இழுக்காமல் நேராக அழுத்தி வெட்டுங்கள். வறுத்த நூடுல்ஸுக்கு மூன்று மில்லிமீட்டர் அகலம் சரியாக இருக்கும், சூப்புக்கு அதைவிட மெல்லிசு. குழம்பு மாதிரி கெட்டியான எதையாவது மேலே ஊற்றிச் சாப்பிடுவதென்றால் அகலமாகவே வெட்டுங்கள். இத்தாலியின் பொலோனியாவில் இறைச்சிச் சாஸோடு சாப்பிடும் தாலியாத்தெல்லேயும் முட்டை நூடுல்ஸ்தான், அங்கும் அளவு 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டைதான். அதன் அகலத்தை 1972-இல் ஊர் வர்த்தக சபையில் பதிவே செய்து வைத்தார்கள்: வெந்த பிறகு 8 மில்லிமீட்டர், அதாவது அந்த ஊர் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு. வெட்டியதும் விரல்களால் கோதி உதறிவிடுங்கள், மடிப்பிலேயே விட்டால் கால் மணி நேரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

வேகவைக்கப் பெரிய பாத்திரம் எடுங்கள். 100 கிராம் நூடுல்ஸுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், உப்பு தாராளமாக. தளதளவென்று கொதிக்கும்போது ஒட்டியிருக்கும் பொடியை உதறிவிட்டுப் போட்டு உடனே ஒரு முறை கிளறிவிடுங்கள். இரண்டு நிமிடத்தில் ஒரு இழையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் அரை நிமிடம். கடையில் வாங்கும் காய்ந்த நூடுல்ஸை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம், இதைப் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும்.

வறுக்கப் போகிறீர்கள் என்றால் அரை நிமிடம் முன்பே வடித்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஒரு ஸ்பூன் எண்ணெய் பிசறித் தட்டில் பரப்பிவிடுங்கள். இரும்புக் கடாயை நன்றாகக் காயவைத்து, பூண்டு, முட்டைக்கோஸ், கேரட், குடைமிளகாய், அப்புறம் நூடுல்ஸ், சோயா சாஸ், மிளகுத்தூள், கடைசியாக வெங்காயத்தாள். ஒரு தடவைக்கு ஒரு ஆளுக்கான அளவு மட்டும் போடுங்கள், மொத்தமாகக் கொட்டினால் கடாயின் சூடு இறங்கி எல்லாம் வெந்ததுபோல் ஆகிவிடும். சூப்புக்கு என்றால் தனியாக வேகவைத்துக் கிண்ணத்தில் போட்டு மேலே சூப்பை ஊற்றுங்கள், சூப்பிலேயே வேகவைத்தால் மாவு கரைந்து கலங்கும்.

இடியாப்ப உழக்கில் பிழியலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த மாவைப் பிழிய முடியாது, உழக்குதான் உடையும். ஆனால் அதற்கென்று வேறு ஒரு வகை இருக்கிறது: தெற்கு ஜெர்மனியில், ஸ்வாபியா பக்கம் செய்யும் ஷ்பெட்ஸ்லே. 200 கிராம் மைதா, இரண்டு முட்டை, 80 முதல் 100 மில்லி தண்ணீர், உப்பு, இவற்றை மரக்கரண்டியால் குமிழி வரும்வரை அடித்து, நம் உழக்கு மாதிரியே இருக்கும் ஒரு கருவியில் நேராகக் கொதிநீருக்குள் பிழிவார்கள். மேலே மிதந்ததும் அரித்து எடுத்து வெண்ணெயில் புரட்டினால் முடிந்தது. அந்த நூடுல்ஸ் கடிக்க மெத்தென்று இருக்கும், இழுத்துச் சாப்பிடும் பதம் வராது. தேய்த்து வெட்டப் பொறுமை இல்லாத நாளுக்கு நல்லது.

சீன உணவகத்து நூடுல்ஸின் அந்தத் துள்ளல் வேண்டுமென்றால் காரம் சேர்க்க வேண்டும், மிளகாய்க் காரம் இல்லை, சோடியம் கார்பனேட். அது பசையத்தை இறுக்கி, கோதுமையில் இருக்கும் நிறமியை மஞ்சளாக்கும். மலேசியா, சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம் மாமாக் கடைகளில் மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸுக்குப் போடும் மஞ்சள் மீயும் (மீ என்றால் நூடுல்ஸ்) இந்த வகைதான், முட்டையே இல்லாமலும் அது மஞ்சளாக இருக்கக் காரணம் இதுதான். வீட்டில் செய்வது எளிது. சமையல் சோடாவை ஒரு ஸ்டீல் தட்டில் பரப்பி ஓவனில் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் நீரும் கரியமில வாயுவும் போய்ச் சோடியம் கார்பனேட் ஆகிவிடும், எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். 200 கிராம் மைதாவுக்கு 2 கிராம், அதை முட்டையோடு நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். வெறும் கையால் தொடாதீர்கள், கண்ணில் படவே கூடாது, அலுமினியப் பாத்திரமும் வேண்டாம். மீதியைக் காற்றுப் புகாத பாட்டிலில் பெயர் எழுதி வையுங்கள், சமையல் சோடா என்று நினைத்து யாராவது இட்லி மாவில் போட்டுவிடக் கூடாது.

வெட்டிய நூடுல்ஸைக் காயவைத்து மாதக்கணக்கில் வைக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் நான் அதைச் சொல்ல மாட்டேன், முட்டை சேர்ந்த மாவு சரியாகக் காய்வதற்குள் கெட்டுவிடும். கைப்பிடி அளவு எடுத்துச் சுருட்டி, தட்டில் இடைவெளி விட்டு ஃப்ரீசரில் வைத்து, கெட்டியானதும் பையில் போட்டு மூடிவிடுங்கள். ஒரு மாதம் நன்றாகவே இருக்கும். எடுத்ததும் பனி உருகக் காத்திருக்காமல் நேராகக் கொதிநீரில் போட்டு, அரை நிமிடம் கழித்துப் பிரித்துவிட்டு, வழக்கத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாக வேகவையுங்கள்.