முதலில் ஜிபி, அப்புறம் ஆப்

இங்கிலாந்தில் வந்து இறங்கியதும் சிம் கார்டு, பேங்க் கணக்கு, வீடு என்று ஓடுவோம். டாக்டர் விஷயத்தை மட்டும் 'உடம்புக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுவோம். அப்படிச் செய்யாதீர்கள். விசா எடுக்கும்போதே ஆண்டுக்கு 1,035 பவுண்ட், மாணவர் என்றால் 776 பவுண்ட், சுகாதாரக் கட்டணமாகக் கட்டிவிட்டுத்தானே விமானம் ஏறினீர்கள்?

வந்த வாரமே வீட்டுக்குப் பக்கத்து ஜிபி (பொது மருத்துவர்) கிளினிக்கில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். விலாசச் சான்றோ அடையாள அட்டையோ இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது விதி. ரிசப்ஷனில் கேட்கத்தான் செய்வார்கள். இருந்தால் காட்டுங்கள், இல்லையென்றால் விதியைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். அதன் பிறகு அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸின் ஆப்பை இறக்கி, பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து, முகத்தை ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பினால் வேலை முடிந்தது. ஸ்காட்லாந்து, வேல்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு ஏற்பாடு வேறு.

ஆப்பை இறக்குவது சுலபம். அதை நம்மவர்கள் தொடர்ந்து பயன்படுத்துவதுதான் பாடு. ஊரில் நமக்குக் கைராசி டாக்டர் ஒருவர் இருப்பார். அப்பாவுக்கும் அவர்தான், பிள்ளைக்கும் அவர்தான். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'மாத்திரையைத் தொடருங்கள்' என்று இரவு பத்து மணிக்குப் பதில் வரும். இங்கே ஆப்பில் ஒரு படிவம் வரும், அதில் இருபது கேள்வி இருக்கும், யார் படிக்கிறார்கள் என்றே தெரியாது. இரண்டு முறை நிரப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறோம். நான் பார்த்தவரையில், 'இதில் அனுப்புங்கள், நான் பார்க்கிறேன்' என்று ஒரு டாக்டரோ நர்ஸோ நேரில் சொல்லியிருந்தால் மட்டுமே அந்த ஆப் போனில் உயிரோடு இருக்கிறது.

அதனால் முதல் சந்திப்பை நேரில் கேட்டு வாங்குங்கள். பொதுவாகப் பத்து நிமிடம்தான் கொடுப்பார்கள். பழைய நோய், மாத்திரைப் பெயர்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஆங்கிலம் தடுமாறினால் நேரம் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், காசு கிடையாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை இதற்கு அழைத்துப் போகாதீர்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் பொறுப்பாக ஒரு டாக்டர் குறிக்கப்பட்டிருப்பார். அது யார் என்று கேட்டு வைத்துக்கொண்டு, அடுத்த முறையும் அவரையே கேளுங்கள். உடனே கிடைக்காமல் போகலாம், பரவாயில்லை, கேட்பது உங்கள் உரிமை. கிளம்பும் முன் ஒரு கேள்வி: 'வீட்டில் எடுக்கும் சுகர், பிரஷர் கணக்கை எதில் அனுப்பட்டும், யார் பார்ப்பீர்கள்?'

இதைக் கேட்காமல் நான் பட்டது தனிக் கதை. ஊரிலிருந்து கொண்டுவந்த சுகர் மீட்டரில் வெறும் வயிற்றில் 142 காட்டியது. அப்படியே ஆன்லைன் படிவத்தில் எழுதி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் ரிசப்ஷனிலிருந்து பதறியடித்துப் போன்: "மயக்கமாக இருக்கிறதா? பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?" நானோ நிதானமாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஊர் அளவே வேறு. நம் எண்ணை 18ஆல் வகுக்க வேண்டும், 142 என்பது இங்கே 7.9. சுகரின் மூன்று மாத சராசரியும் (HbA1c) அப்படித்தான்: ஊரில் 7 சதவீதம் என்பது இங்கே 53. மீட்டரையும் போனில் இருக்கும் சுகர் ஆப்பையும் இந்த ஊர் அளவுக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் புது மீட்டர் பற்றி நர்ஸிடம் கேளுங்கள்.

பிரஷருக்கும் ஒரு முறை இருக்கிறது. காலையும் மாலையும் உட்கார்ந்தபடி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை, ஒரு வாரம் எடுக்கச் சொல்வார்கள். நினைத்தபோதெல்லாம் எடுத்து நாற்பது எண்ணை அனுப்பினால் யாருக்கும் உபயோகமில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு சில சமயம் டாக்டர் பேசுவதற்கு முன்பே ஆப்பில் வந்துவிடும். ராத்திரி பதினொரு மணிக்கு அதைப் பார்த்து கூகுளில் இறங்காதீர்கள். எண்ணுக்குப் பக்கத்தில் டாக்டர் எழுதியிருக்கும் குறிப்பைப் படியுங்கள். புரியவில்லையா, மறுநாள் படிவத்தில் கேளுங்கள். அவசரமில்லாத விஷயங்களுக்கு வார நாட்களில் காலை 8 முதல் மாலை 6.30 வரை கிளினிக் அந்தப் படிவத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று 2025 அக்டோபரிலிருந்து விதி. அவசரம் என்றால் 111, உயிருக்கு ஆபத்து என்றால் 999. படிவத்தில் நெஞ்சுவலியை எழுதிவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. நம் வீடுகளில் மனைவியின் ஆப்பையும் கணவரே தன் ஈமெயிலில் திறந்து கொடுத்துவிடுகிறார். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் எல்லாம் இன்னொருவர் கண்ணில் படும் என்றால் டாக்டரிடம் எந்தப் பெண் மனம்விட்டுப் பேசுவாள்? அவரவர் ஈமெயில், அவரவர் போன் நம்பர். வயதானவர்களுக்கு உதவி வேண்டுமென்றால், அவர்கள் சம்மதத்தோடு அவர்கள் சார்பில் பார்க்க உங்களுக்கு அனுமதி தரும்படி கிளினிக்கிலேயே கேட்கலாம்.

மாத்திரை தீரும் முன் மறுபடி வாங்க ஆப்பைப் போல வசதி வேறு இல்லை என்பேன். நான்கு தட்டலில் வேலை முடியும், பக்கத்து மருந்துக்கடைக்கே போய்விடும். ஆனால் ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்ட். சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு விலக்குச் சான்றிதழ் உண்டு, ஐந்து ஆண்டு எல்லா மருந்தும் இலவசம், கிளினிக் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பத்தியத்தில் மட்டும் இருப்பவர்களுக்குக் கிடையாது. இதை எனக்கு ஆப் சொல்லவில்லை. கால் பரிசோதனை செய்துகொண்டே நர்ஸ் பேச்சுவாக்கில் சொன்னார். அதற்குள் எட்டு மாதம் காசு கொடுத்து வாங்கியிருந்தேன்.