முதல் அரியர் விழுவதற்கு முன்

பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். படிப்பைப் பாதியில் விடுகிற பையனுக்கு நாள் குறிக்கப்படுவது முதல் செமஸ்டரின் இரண்டாவது மாதத்தில்தான். அதற்குள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

வகுப்பு தொடங்கிய இரண்டாவது வாரம் இருபது நிமிடத் தேர்வு ஒன்று வையுங்கள். மதிப்பெண் போடாதீர்கள், தாளை மட்டும் வாங்கிப் பாருங்கள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்த ஒருவன் வெள்ளைத்தாள் கொடுத்தான். டிடர்மினன்ட் கண்டுபிடிக்கச் சொன்ன கேள்வி. அறைக்குக் கூப்பிட்டு, "தம்பி, பிளஸ் ஒன்ல அணிக்கோவை போட்டிருக்கியா?" என்றேன். "போட்டிருக்கேன் சார்." பேனாவைக் கொடுத்தேன். மூன்றுக்கு மூன்றை முதல் நிரை வழியாக விரித்து, குறி ஒன்றுகூடத் தப்பாமல் இரண்டே நிமிடத்தில் முடித்தான். "இதுதானா சார் டிடர்மினன்ட்?"

அந்த ஆங்கிலப் பெயர் தெரியாதவனுக்கு அதை வைத்துப் போடுகிற ஐகன் மதிப்பும் வராது, கெய்லி-ஹாமில்டன் தேற்றமும் வராது. முதல் யூனிட் மொத்தமும் போய்விடும். அதனால் இப்போது முதல் நாளே ஒரு பக்கச் சொல் பட்டியல் கொடுத்துவிடுகிறேன்: அணி என்றால் மேட்ரிக்ஸ், வகையிடல் என்றால் டிஃபரன்ஷியேஷன், தொகையிடல் என்றால் இன்டக்ரேஷன்.

அடுத்தது, தனியாக உட்கார விடாதீர்கள். 1970களின் கடைசியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்பவர் கால்குலஸில் தோற்ற கறுப்பின மாணவர்களைக் கவனித்தார். உழைப்பில் குறைவில்லை, ஆனால் பெரும்பாலும் தனியாகப் படித்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்களோ ஒருவர் விடையை ஒருவர் சரிபார்த்தபடி கூடிப் படித்தார்கள். ட்ரைஸ்மன் தோற்றவர்களுக்கான சிறப்பு வகுப்பு என்று எதுவும் வைக்கவில்லை. குழுவாக உட்கார வைத்துப் பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார், தேறினார்கள். நம் ஊரில் 'ஸ்லோ லேர்னர்' வகுப்பு என்று பலகை மாட்டினால் வருவதற்கே கூசுவான். பெயரிலேயே பாதி கெட்டுப்போகிறது.

நான்கு பேர் குழு போதும். நன்றாகப் போடுகிறவன், தடுமாறுகிறவன், ஹாஸ்டல், டே ஸ்காலர் என்று கலந்து போடுங்கள். முதல் வருடம் இதை மாலையில் வைத்துக் கோட்டை விட்டேன். கல்லூரிப் பேருந்து கிளம்பியதும் ஹாஸ்டல் பிள்ளைகள் மட்டும்தான் மிச்சம். உதவி தேவைப்பட்டவர்களோ அந்தப் பேருந்தில் இருந்தார்கள். இப்போது லைப்ரரி பீரியடை வாங்கிக்கொள்கிறேன்.

மூன்று நாள் தொடர்ந்து வராதவனுக்கு நீங்களே போன் செய்யுங்கள், அப்பாவிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். "ஏன் வரல?" என்று ஆரம்பித்தால் காய்ச்சல் என்பான். "சாப்பிட்டியா, எங்க இருக்க?" என்றால் கட்ட வேண்டிய ஃபீஸ் வெளியே வரும். 7.5 சதவீதத்தில் வந்தவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மற்றவர்களுக்கு எந்த உதவித்தொகைக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டுக் கையில் எழுதிக் கொடுங்கள். "பாதிப் பேர் தேற மாட்டீங்க" என்று வகுப்பில் மிரட்டுகிற சக ஆசிரியர் இருந்தால் டீக்கடையில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன், பலன் சுமார்தான்.

இவ்வளவுக்கும் மேல் அரியர் விழத்தான் செய்யும். ரிசல்ட் வந்த வாரமே கூப்பிட்டுப் பேசுங்கள். பலர் மறுபடி எழுதித் தோற்பதில்லை, எழுதவே போவதில்லை. தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதியை வாட்ஸ்அப் குழுவில் இரண்டு தடவை போடுகிறேன். அப்படியும் கட்டாதவனை கேன்டீனில் தேடிப் பிடித்து கவுன்டர் வரைக்கும் கூடவே நடக்கிறேன்.