இரும்பு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிநீராக்குவது எப்படி: முதலில் ஆக்சிஜனேற்றம், பிறகே ஆர்ஓ

ஆழ்துளைக் கிணற்று நீர் குழாயில் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, சில மணி நேரத்தில் பழுப்பேறி, பாத்திரத்தின் அடியில் செம்மண் நிற வண்டலைப் படியவிட்டால், அதில் பெரும்பாலும் இரும்பு கரைந்திருக்கிறது. பூமிக்கடியில் காற்றுப் படாமல் கரைந்த நிலையில் இருந்த இரும்பு, மேலே வந்து ஆக்சிஜனோடு சேர்ந்ததும் கரையாத துகளாக மாறுகிறது. இந்த மாற்றம் தொட்டியில் நடந்துவிட்டால் துகளை மணலில் வடிகட்டிவிடலாம். நீரை அழுத்தி நுண்ணிய சவ்வின் வழியே செலுத்திக் கரைந்த உப்புகளைப் பிரிக்கும் ஆர்ஓ கருவிக்குள் நடந்தால் சவ்வே அடைபட்டுப்போகும். இரும்பு நீருக்கு நேரடியாக ஆர்ஓ பொருத்திக்கொள்வது, சவ்வை மாற்றும் செலவை நாமே விலைக்கு வாங்குவதாகும்.

படி 1: நீரைச் சோதியுங்கள்

டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டுமே காட்டும். இரும்பு, ஃபுளோரைடு, ஆர்சனிக், கிருமிகள் ஆகியவற்றைத் தனியே காட்டாது. ஆகவே தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்திலோ பிஎச், டிடிஎஸ், இரும்பு, மாங்கனீஸ், ஃபுளோரைடு, நைட்ரேட், கோலிஃபார்ம் (கழிவுக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். மோட்டாரைச் சில நிமிடங்கள் ஓடவிட்ட பிறகே மாதிரியைப் பிடிக்க வேண்டும். இரும்பு வழியிலேயே படிந்துவிடும் என்பதால், அதற்கு மட்டும் அமிலம் சேர்த்த தனிப் பாட்டிலை ஆய்வகத்திடம் கேட்டு வாங்குங்கள்.

லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தால் துணியில் கறையும் நாவில் துவர்ப்பும் தெரியத் தொடங்கும். ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

படி 2: தொட்டியில் ஆக்சிஜனேற்றம்

எளிய வழி, தொட்டிக்குள் நீர் விழும் குழாயின் முனையில் பூவாளி போன்ற துளைத்தலையைப் பொருத்தி, நீரைச் சிறு தாரைகளாகக் காற்றின் வழியே விழச் செய்வது. ஒரு மில்லிகிராம் இரும்புக்குச் சுமார் 0.14 மில்லிகிராம் ஆக்சிஜன் போதும். ஆனால் பிஎச் 7-க்குக் கீழே இருந்தால் காற்றினால் நிகழும் மாற்றம் மிக மெதுவாகவே நடக்கும். அந்நிலையிலோ, நீரில் கிருமிகள் இருப்பது தெரிந்தாலோ, குளோரின் தேவைப்படும்.

அளவைக் கணக்கிடுவது கடினமன்று. 1,000 லிட்டர் நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் இரும்பு இருப்பதாகக் கொண்டால், மொத்த இரும்பு 2 கிராம். ஒரு கிராம் இரும்புக்கு ஏறத்தாழ 0.64 கிராம் குளோரின் வேண்டும் என்பதால் 1.3 கிராம், கிருமி நீக்கத்துக்காக லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் நிற்க வேண்டும் என்பதால் இன்னும் 0.5 கிராம், ஆக 1.8 கிராம் குளோரின். புதிய பிளீச்சிங் பவுடரில் சுமார் 30 விழுக்காடு குளோரின் இருக்கும். எனவே 6 கிராம் பவுடர் போட வேண்டும். ஈரம் பட்ட பழைய பவுடரில் இந்த வீரியம் இருக்காது.

பவுடரைப் பிளாஸ்டிக் வாளியில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, மேலும் நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். குறைந்தது அரை மணி நேரம் விட வேண்டும். மாலையில் கலந்து இரவு முழுவதும் வைத்தால் வண்டலும் நன்றாகத் தங்கிவிடும். பின்னர் குளோரின் சோதனைச் சொட்டு மருந்தைச் சிறிது நீரில் விட்டுப் பாருங்கள். இலேசான மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் மிச்சம் இருக்கிறது. நிறமே வராவிட்டால் நீரிலுள்ள பிற அழுக்குகள் அதைத் தின்றுவிட்டன, அளவைச் சற்றுக் கூட்ட வேண்டும்.

மேற்கு வங்கத்திலும் பங்களாதேஷிலும் நிலத்தடி நீரில் பரவலாகக் காணப்படும் ஆர்சனிக்குக்கு இந்தப் படி இன்னும் முக்கியமானது. அதன் ஒரு வடிவமான மூன்று இணைதிற ஆர்சனிக்கிற்கு இயல்பான பிஎச் நிலையில் மின்னேற்றம் இல்லாததால் அது ஆர்ஓ சவ்வின் வழியே கணிசமாக நழுவிவிடும். குளோரின் அதை ஐந்து இணைதிற வடிவுக்கு மாற்றிய பிறகே சவ்வு அதை நன்றாகத் தடுக்கும். காற்று மட்டும் இம்மாற்றத்தைப் போதிய வேகத்தில் செய்யாது.

படி 3: மணலும் கார்பனும்

தொட்டி நீரை மணல் வடிகட்டி வழியே செலுத்தி, அழுத்தம் குறையும்போது நீரை எதிர்த்திசையில் விட்டு, வெளியேறும் நீர் தெளியும்வரை கழுவுங்கள். அடுத்து 5 மைக்ரான் செடிமென்ட் ஃபில்டரும் கார்பன் ஃபில்டரும் வர வேண்டும். கார்பனை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். இதுவரை நமக்கு உதவிய குளோரின், வீட்டு ஆர்ஓ கருவிகளிலுள்ள பாலிஅமைடு சவ்வை அரித்துவிடும். மாதம் ஒருமுறை கார்பனைக் கடந்து வரும் நீரில் அதே சொட்டு மருந்தை விட்டுப் பாருங்கள். மஞ்சள் நிறம் தெரிந்தால் அன்றே கார்பனை மாற்றுங்கள்.

படி 4: எந்தச் சவ்வு?

டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருந்து, ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக் ஆகியவை வரம்புக்குள் இருந்தால் யுஎஃப் (அல்ட்ரா ஃபில்ட்ரேஷன்) சவ்வே போதும் என்பது என் உறுதியான கருத்து. சுமார் 0.01 மைக்ரான் துளைகள் கொண்ட அது பாக்டீரியாவைத் தடுக்கும், நீரையும் வீணாக்காது. கரைந்த உப்பை மட்டும் அது தடுக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளைப் போல ஃபுளோரைடு மிகுந்த நீருக்கு ஆர்ஓ தேவை. ஆக்சிஜனேற்றம் ஃபுளோரைடை ஒன்றும் செய்யாது, கொதிக்கவைத்தாலோ அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

பல ஆர்ஓ கருவிகளில் சுவைக்காகச் சுத்திகரிக்காத நீரைச் சிறிது கலந்துவிடும் டிடிஎஸ் திருகு ஒன்று இருக்கும். ஃபுளோரைடோ ஆர்சனிக்கோ உள்ள வீட்டில் அதை முழுவதும் மூடிவையுங்கள்.

படி 5: கண்காணிப்பு

உள்ளே செல்லும் நீரின் டிடிஎஸ், வெளியே வரும் நீரின் டிடிஎஸ், ஒரு லிட்டர் நிரம்ப ஆகும் நேரம் ஆகியவற்றை மாதந்தோறும் குறித்துவையுங்கள். 1,200 உள்ளே சென்று 60 வெளியே வந்தால் சவ்வு 95 விழுக்காடு உப்பைத் தடுக்கிறது. வரத்து குறைந்துகொண்டே போனால் இரும்போ சுண்ணாம்போ சவ்வை அடைக்கிறது. அப்போது தொட்டியையும் மணலையும் கவனியுங்கள். வரத்து கூடி, டிடிஎஸும் ஏறினால் குளோரின் சவ்வை அரித்திருக்கலாம்; கார்பனை மாற்றிய பிறகே புதுச் சவ்வைப் பொருத்துங்கள். ஆர்ஓ வெளியேற்றும் கழிவு நீரில் மாசுகள் செறிந்திருக்கும் என்பதால் அதைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்தலாம். சமையலுக்கும் மாடுகளுக்கும் கொடுக்கக் கூடாது.