குன்னூர் டு மெல்பர்ன்: ஊருக்குப் போய்வரும் நேரக் கணக்கு

நீலகிரியிலிருந்து மெல்பர்னுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் லீவுக்கு டிக்கெட் போடும்போது, விலையையும் 'ஒரு ஸ்டாப்' என்பதையும் மட்டும் பார்க்காதீர்கள். வரைபடத்தையும் பாருங்கள். கோவைக்கும் மெல்பர்னுக்கும் நேர்த்தூரம் ஏறக்குறைய 8,900 கி.மீ. சிங்கப்பூர் வழியாகப் போனால் 9,200 கி.மீ. அளவில் முடிந்துவிடும், சிங்கப்பூர் கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது. டெல்லி போய் மாறினாலும் ஒரே ஸ்டாப்தான், ஆனால் தூரம் 12,000 கி.மீ.யைத் தாண்டும். வயதான அம்மா அப்பாவை வரவழைக்கும்போது அந்த 3,000 கி.மீ. அவர்களுடைய முழங்காலில் தெரியும்.

கோவை–சிங்கப்பூர் சுமார் நாலரை மணி நேரம், சிங்கப்பூர்–மெல்பர்ன் ஏழரை. இடையில் மூன்று மணி நேரம் காத்திருந்தால் மொத்தம் 15. ஆனால் டிக்கெட்டில் உள்ள நேரங்களைக் கழித்தால் பத்தொன்பதரை வரும். மெல்பர்ன் கடிகாரம் நமக்கு நாலரை மணி முன்னே ஓடுவதால்தான் இப்படி. அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அது ஐந்தரை. ஊருக்குப் போகும்போது இதே கணக்கு தலைகீழாகும்.

எல்லோரும் கோட்டைவிடுவது மலைப்பாதையில்தான். குன்னூரிலிருந்து கோவையின் பீளமேடு விமான நிலையம் சுமார் 70 கி.மீ., ஊட்டிக்காரர்களுக்கு இன்னும் 20 சேர்த்துக்கொள்ளுங்கள். தூரத்தைப் பார்த்து இரண்டு மணி நேரம் போதும் என்று நினைக்காதீர்கள். மே சீசனில் பர்லியாறு ரோடு ஏறுவதற்கு மட்டும், இறங்குவதற்குக் கோத்தகிரி ரோடு என்று ஒருவழி ஆக்கிவிடுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் மண் சரிந்து பாதை அடைபடும். இரவில் பனிமூட்டம், கல்லாறு பக்கம் யானை. எல்லாம் தாண்டினாலும் மேட்டுப்பாளையம் டவுன் நெரிசல் இருக்கிறது. அதனால் மழைக்காலத்தில் முந்தின நாளே இறங்கி கோவையில் தங்கிவிடுங்கள். லாட்ஜ் வாடகை, தவறவிட்ட டிக்கெட்டைவிட எவ்வளவோ மலிவு.

வந்து இறங்கும்போது கோவையிலிருந்து டாக்ஸி பிடித்தால் இ-பாஸ் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். 2024 மே முதல் நீலகிரிக்கு ஏறும் வெளியூர் வண்டிகளுக்கு அந்த ஆன்லைன் அனுமதி வேண்டும். நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டியை வரச் சொன்னால் அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம், இரண்டு விமானமும் ஒரே பிஎன்ஆரில் இருக்கட்டும். தனித்தனி டிக்கெட் என்றால் சிங்கப்பூரில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிவரலாம், அதற்கு விசாவும் கேட்கலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

மெல்பர்னில் இறங்கியதும் தேயிலை, வர்க்கி, தேன் எதுவானாலும் பயணி அட்டையில் உணவு இருக்கிறது என்றே குறியுங்கள். சோதனைக்கு அரை மணி கூடலாம், மறைத்தால் அபராதம். அழைக்க வருபவரிடம் விமானம் இறங்கி ஒன்றரை மணி கழித்து வந்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள்.