சுற்றுச்சுவருக்குள் நாய் வளர்ப்போர் முற்றத்தைப் பாதுகாப்பாக அமைத்துக்கொள்வது எப்படி?

வீட்டைச் சுற்றிச் சுவரும் முன்புறம் ஓர் இரும்புக் கேட்டும் இருந்துவிட்டால் நாய் வளர்ப்பதற்கான இடம் தயாராகிவிட்டது என்றே பெரும்பாலோர் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் அந்தச் சுவரும் கேட்டும் வெளியிலிருந்து வரும் திருடனை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. பகலில் பல மணி நேரம் தனியாக, வேறு வேலையின்றி உள்ளே அலையும் ஒரு நாய் வெளியேற வழி தேடும் என்பதைக் கட்டிய கொத்தனாரும் நினைத்திருக்க மாட்டார், கட்டச் சொன்னவரும் நினைத்திருக்க மாட்டார். ஆகவே குட்டியை வாங்கி வருவதற்கு முன்பே ஒருமுறை முற்றத்தைச் சுற்றி வந்து, தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குள் என்னென்ன இருக்கின்றன என்று குனிந்து பார்த்துவிட வேண்டும். தமிழ்நாட்டின் ஊர்களிலும் புறநகர்களிலும் உள்ள தனி வீடுகளை மனத்தில் கொண்டே இங்குள்ள குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன.

முதலில் கவனிக்க வேண்டியது கேட். மழைநீர் வழிந்தோடவும் கதவு உரசாமல் திறக்கவும் கேட்டின் அடியில் விடப்படும் நான்கைந்து அங்குல இடைவெளி ஒரு குட்டிக்குத் தாராளமாகப் போதும். அந்த இடத்தில் வெறும் மண் இருந்தால், வளர்ந்த நாய் ஓர் இரவிலேயே அதைத் தோண்டி அகலப்படுத்திக்கொள்ளும். கேட்டின் முழு அகலத்துக்கும் அடியில் சிமெண்டுத் தளம் போட்டு, மீதமுள்ள இடைவெளியை ஓர் இரும்புப் பட்டையைப் பற்றவைத்துக் குறைத்துவிடுவதே நிலையான தீர்வு. கம்பிகளுக்கிடையே குட்டியின் தலை நுழையுமானால் ஒன்று உடலும் நுழைந்துவிடும், அல்லது தலை மாட்டிக்கொள்ளும். இரண்டுமே ஆபத்தானவை என்பதால் உட்புறமாக மூன்றடி உயரத்துக்கு வெல்டு மெஷ் வலையைக் கட்டிவிட வேண்டும். தெருநாய்கள் கம்பி வழியே மூக்கை நீட்டிக் கடிப்பதையும் இந்த வலை தடுத்துவிடும். தாழ்ப்பாளைப் பொறுத்தவரை, முன்னங்காலால் தட்டினால் மேலெழும் வகையைத் தவிர்த்து, கீழிறங்கிப் பூட்டிக்கொள்ளும் வகையைப் பொருத்தி, அதில் ஒரு கொக்கியையும் மாட்டிவைப்பது நல்லது.

கேட்டைப் பற்றிப் பேசும்போது காரையும் சொல்லியாக வேண்டும். வெயிலுக்கு ஒதுங்க வண்டியின் அடியில் படுப்பது நாய்களுக்கு இயல்பு என்பதாலும், வண்டி பின்னோக்கி வரும்போது கேட்டும் திறந்தே கிடக்கும் என்பதாலும், வண்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் நாயை வீட்டுக்குள்ளோ கூண்டிலோ அடைத்த பின்னரே சாவியைத் திருப்புவது என்று வீட்டிலுள்ள அனைவரும் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும். தூய வெள்ளை நிறமுள்ள ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. 2005ஆம் ஆண்டு அஞ்சல் துறை வெளியிட்ட தபால்தலையில் இடம்பெற்ற இனம் என்ற பெருமைக்காக அதை வாங்குவோர், குட்டி பார்க்காத பக்கத்திலிருந்து கையைத் தட்டி அது திரும்புகிறதா என்று சோதித்துக்கொள்ளலாம். காது கேளாத நாய்க்கு எஞ்சின் சத்தம் எச்சரிக்கையாக அமையாது.

சுவரின் உயரம் இனத்தைப் பொறுத்தது. சாதாரண வீட்டு நாய்க்கு ஐந்தடி போதும் என்றாலும், முயல் விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாய்களுக்கு ஆறடிக்குக் குறைவான சுவர் ஒரு தடையே அன்று. அதைவிடப் பெரிய பிழை, சுவரை உயரமாகக் கட்டிவிட்டு அதன் ஓரத்திலேயே விறகையோ மீந்த செங்கல்லையோ அடுக்கிவைப்பதும், துணி துவைக்கும் கல்லைப் போட்டுவைப்பதும், ஸ்கூட்டரை நிறுத்துவதும் ஆகும். இவை யாவும் நாய்க்குப் படிக்கட்டுகள். சுவரின் மேல் கண்ணாடிச் சில்லுகள் பதித்திருந்தால், தாவும் நாயின் வயிற்றையும் பாதத்தையும் அவை கிழித்துவிடும் என்பதால் அவற்றை உடைத்து அகற்றிவிட்டு, உட்பக்கமாகச் சாய்ந்த இரும்புத் தாங்கிகளில் ஒன்றரை அடி அகல வலையை இழுத்துக் கட்டலாம். சுவருக்குப் பதில் கம்பி வேலி உள்ள தோட்டங்களில் வலையை ஓரடி ஆழத்துக்கு மண்ணுக்குள் இறக்க வேண்டும். அல்லது வேலியோரம் கடப்பாக்கல் பாவிவிட வேண்டும். கிணறு, செப்டிக் டேங்க், தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் மூடிகளை ஒருமுறை மிதித்துப் பார்த்து, ஆடுகிற மூடியை மாற்றிவிடுவது நாய்க்கு மட்டுமின்றி வீட்டுக் குழந்தைகளுக்கும் நல்லது.

இத்தனை செலவுக்குப் பதில் ஒரு சங்கிலி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது என்பதே என் கருத்து; சட்டமும் அந்தப் பக்கமே நிற்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, விலங்கை அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதையும், எப்போதும் கட்டியே வைக்கப்படும் நாய்க்கு உடற்பயிற்சி தராமல் விடுவதையும் வதை என்றே வரையறுக்கிறது. நாள் முழுதும் கட்டப்பட்ட நாய் வரவரக் குரைப்பும் சீற்றமும் மிகுந்ததாக மாறுவதோடு, தப்பி ஓட முடியாது என்பதை உணர்ந்திருப்பதால் அருகில் வரும் குழந்தையைக் கடித்துவிடவும் கூடும். விருந்தினர் வருகை, கட்டட வேலை போன்ற காரணங்களுக்காகச் சிறிது நேரம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், இரு தூண்களுக்கிடையே கம்பி இழுத்து அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியை மாட்டி, சங்கிலி முறுக்கிக்கொள்ளாதபடி சுழலும் கொக்கியைப் பயன்படுத்தி, கழுத்துக்குப் பதில் மார்பைச் சுற்றிய பட்டையில் கட்ட வேண்டும். கழுத்துப்பட்டையே அணிவிக்கிறவர்கள், அதனடியில் இரண்டு விரல் எளிதாக நுழைகிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும், ஏனெனில் வளரும் குட்டிக்குப் பட்டை சதையில் பதிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுவருக்கோ திண்ணைக்கோ மாடிப்படிக்கோ எட்டும் தூரத்தில் நாயைக் கட்டக் கூடாது. மறுபுறம் தாவி, தரையைத் தொட முடியாமல் கழுத்து இறுகி இறக்கும் நாய்கள் உண்டு.

அடுத்தது வெயில். நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. பாதத்தில் மட்டும் சிறிது வியர்க்கும், மற்றபடி வாயைத் திறந்து இரைத்தே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அதன் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. 41 டிகிரியை நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. முற்றம் முழுவதையும் சிமெண்டாலோ டைல்ஸாலோ மூடிவிடும் இக்காலத்து வழக்கம் மனிதருக்கு வசதியாக இருக்கலாம், அக்கினி நட்சத்திர நாட்களின் பிற்பகலில் அந்தத் தரையில் ஒரு நாய் நிற்க முடியாது. புறங்கையைத் தரையில் வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் அதைப் பொறுக்காது. ஆகவே முற்றத்தின் ஒரு மூலையையாவது மண்ணாக விட்டு, ஒரு வேம்போ புங்கமோ வளர்ப்பது நல்லது. கூண்டுக்குத் தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ போட்டிருந்தால் அதன் மேல் தென்னங்கீற்றைப் பரப்பி, கூண்டைத் தரையிலிருந்து அரையடி உயர்த்தி, மேற்கு வெயில் வாசல் வழியே உள்ளே விழாதபடி திருப்பிவைக்க வேண்டும். தண்ணீரை ஒரே இடத்தில் வைக்காமல், கவிழாத கனமான மண்தொட்டிகள் இரண்டில், நிழலில் வைப்பது நல்லது. நாக்கு நீண்டு தொங்க, எச்சில் பசைபோல் வழிய, தள்ளாடி நடக்கும் நாயை உடனே நிழலுக்குக் கொண்டுபோய், வயிற்றிலும் தொடையிடுக்கிலும் சாதாரணக் குழாய்த் தண்ணீரை ஊற்றிக் காற்றுப் படவிட்டு, அப்படியே கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

உண்ணித் தொல்லையை நாயின் மேல் மட்டும் தேடுவதால்தான் அது தீர்வதே இல்லை. இரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல் பருத்த பெண் உண்ணி நாயிலிருந்து கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலோ கூண்டின் பலகை இடுக்கிலோ ஏறி, அங்கே ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நாயை எத்தனை முறை குளிப்பாட்டினாலும் அந்த முட்டைகள் பொரிந்து மீண்டும் ஏறிக்கொள்ளும். எனவே வெடிப்புகளைச் சிமெண்டு வைத்து அடைத்து, நாயின் படுக்கைத் துணியை வாரந்தோறும் கொதிநீரில் போட்டெடுத்து, மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையையோ கழுத்தில் விடும் சொட்டு மருந்தையோ தவறாமல் கொடுக்க வேண்டும். காதின் உட்புறம், கால்விரல் இடுக்கு, வாலடி ஆகிய மூன்று இடங்களையும் மாலையில் தடவிப் பார்த்து, அகப்படும் உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்கலாம். விரலால் நசுக்க வேண்டாம். ஈறு வெளுத்தாலோ, மூக்கில் இரத்தம் வந்தாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், தாமதிக்கக் கூடாது. வீட்டில் பூனையும் இருந்தால், நாய்க்கான சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் உள்ளதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் அது பூனையைக் கொன்றுவிடும்.

பூசைக்கென்று வீட்டுக்கு வீடு வளர்க்கும் அரளியும் பொன்னரளியும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உள்ளவை. நமது மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கு, அழகுக்கு வைக்கும் சைகஸின் விதை, ஆமணக்கு விதை, ஊமத்தை ஆகியவையும் நஞ்சுள்ளவையே. தோண்டும் பழக்கமுள்ள குட்டி இருக்கும் வரை இவற்றை மாடிக்கு மாற்றிவிடுவது நலம். எலி மருந்தை நாய் இருக்கும் வீட்டில் வைக்கவே கூடாது என்று சொல்வேன்: இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகையைத் தின்ற நாய் மூன்று நான்கு நாள் நன்றாகவே நடமாடிவிட்டுப் பின்னரே இரத்தம் கசியத் தொடங்கும் என்பதால் காரணம் தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். தின்றது தெரிந்தவுடன், வீட்டு வைத்தியமாக உப்புநீர் புகட்டாமல், மருந்து உறையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். இந்த வகைக்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு.

புல்லை வெட்டி, செங்கல் குவியலை அகற்றி, எலி வராமல் பார்த்துக்கொண்டால் பாம்பு வருவது பெரிதும் குறையும். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படும் நச்சுமுறி மருந்து நாய்க்கும் பயன்படும். (அதற்கான நஞ்சைச் சேகரித்துத் தருவதில், 1978இல் தொடங்கப்பட்டுச் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு.) எல்லாக் கால்நடை மருத்துவமனைகளிலும் இம்மருந்து இருப்பில் இருக்காது என்பதால், எங்கே கிடைக்கும், இரவில் திறந்திருக்குமா என்பதைச் சாதாரண நாளிலேயே விசாரித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே போகாத நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி எதற்கு என்பது தவறான கேள்வி. கேட் வழியே மூக்கை நீட்டும் தெருநாயும், கொல்லைக்கு வரும் கீரியும் போதும். மூன்று மாத வயதில் முதல் ஊசி, மருத்துவர் குறிக்கும் நாளில் அடுத்தது, பின்னர் ஆண்டுதோறும் என்று போட்டுவர வேண்டும். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கான தடுப்பூசியை ஐப்பசி மழைக்கு முன்பே போட்டு, இரவில் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துக் காலையில் புதிதாக நிரப்புவது நல்லது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கணக்கீட்டாளர் வருவார். சிலிண்டர் கொண்டுவருபவரும் தபால்காரரும் வருவார்கள். மின்மீட்டரை நாய் எட்டாத வாசற்பக்கத்துக்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடலாம்; இல்லையெனில் அழைப்பு மணியைக் கேட்டுக்கு வெளியே வைத்து, நாயை அடைத்த பின்னரே திறக்க வேண்டும். ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்ற பலகை மட்டும் உரிமையாளரின் பொறுப்பைத் தீர்த்துவிடாது. விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளத் தவறினால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். யாரையாவது கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று சமாதானம் சொல்லாமல், காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, கடிபட்டவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

வால்பாறை, நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் மேற்கூறிய சுவர் எதுவும் இரவில் பயன்படாது. சிறுத்தை அதை எளிதாகத் தாண்டிவிடும், நாய் அதற்கு விருப்பமான இரை. அங்கே பொழுது சாய்வதற்குள் நாயை வீட்டுக்குள்ளோ, நாற்புறமும் மேலேயும் உறுதியான கம்பி வலை அடித்த கூண்டுக்குள்ளோ கொண்டுவந்துவிட வேண்டும். மற்ற ஊர்களில் அப்படிப்பட்ட இரவு தீபாவளி இரவுதான். ஆண்டு முழுதும் தாண்டாத சுவரை நாய் வெடிச்சத்தத்துக்குப் பயந்து தாண்டிவிடும் என்பதால், முந்தின நாள் மாலையிலிருந்தே அதை உள்ளறையில் வைத்து, சன்னல்களை மூடி, மின்விசிறியை ஓடவிட்டு, தொலைபேசி எண் பொறித்த தகடு கழுத்துப்பட்டையில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.