ஸ்பார்க் வேலையைக் கசாண்ட்ராவுடன் இணைப்பது எப்படி?

தினமும் ராத்திரி அன்றைய பில்களையெல்லாம் அப்பாச்சி ஸ்பார்க் (தரவைப் பல கணினிகளில் பிரித்துக் கணக்கிடும் மென்பொருள்) படித்து, கடைவாரியாகக் கூட்டி, அப்பாச்சி கசாண்ட்ரா என்ற தரவுத்தளத்தில் எழுத வேண்டும். காலையில் ஆப் அதை எடுத்துக் காட்டும். இதுதான் நம் வேலை.

1. பதிப்பைப் பொருத்துங்கள்

நடுவில் நின்று இரண்டையும் இணைப்பது ஸ்பார்க் கசாண்ட்ரா கனெக்டர். ஸ்பார்க் 3.5 என்றால் கனெக்டரும் 3.5 வரிசை. அதன் பெயரில் 2.12 அல்லது 2.13 என்று ஓர் எண் ஒட்டியிருக்கும். அது ஸ்காலா (ஸ்பார்க் எழுதப்பட்ட நிரல் மொழி) பதிப்பு. உங்கள் ஸ்பார்க் எந்த ஸ்காலாவில் கட்டப்பட்டதோ, அதே எண்ணை எடுங்கள். பைத்தான்காரர்கள் “நமக்கெதற்கு ஸ்காலா” என்று இதைத் தாண்டிப் போய்விட்டு, புரியாத ஜாவா பிழையோடு அரை நாள் மல்லுக்கட்டுவார்கள்.

2. டேபிளை முதலில் உருவாக்குங்கள்

டேட்டாஃப்ரேமை (ஸ்பார்க் கையில் வைத்திருக்கும் அட்டவணை) வழக்கமான முறையில் எழுதினால் டேபிள் தானாக உருவாகாது. நீங்களே உருவாக்க வேண்டும். அப்போது பிரைமரி கீயை, அதாவது ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டுவதை, நிதானமாக யோசியுங்கள்.

ஸ்பார்க்கில் ஒரு டாஸ்க் (வேலையின் ஒரு துண்டு) பாதியில் விழுந்தால், அது முதலிலிருந்து மறுபடி ஓடும். ஏற்கெனவே எழுதிய வரிசைகள் திரும்பவும் எழுதப்படும். கசாண்ட்ராவில் அதே கீயோடு வந்த வரிசை பழையதன் மேலேயே விழும் என்பதால், கீ சரியாக இருந்தால் பாதகமில்லை. நான் ஒரு முறை, ஸ்பார்க்கிலேயே வரிசைக்கொரு புது யூயூஐடி (ஒவ்வொரு முறையும் வேறாக வரும் அடையாளம்) உண்டாக்கி அதையே கீயாக வைத்தேன். வேலை இரண்டு தடவை ஓடியது, விற்பனை இரட்டிப்பானது. மேலாளருக்குப் பத்து நிமிடம் ஒரே சந்தோஷம்.

கடை எண் பார்ட்டிஷன் கீ (வரிசை எந்தக் கணினிக்குப் போகும் என்று தீர்மானிப்பது), தேதி கிளஸ்டரிங் கீ (பார்ட்டிஷனுக்குள் வரிசைகளை அடுக்குவது) என்று வையுங்கள். தேதியை மட்டும் பார்ட்டிஷன் கீயாக வைத்தால், அன்றைய எழுத்து முழுவதும் ஒரே பார்ட்டிஷனில், அதாவது அதே சில நோடுகளின் (கசாண்ட்ரா ஓடும் கணினிகள்) தலையில் விழும். இருக்கும் எண்ணோடு கூட்டிக்கொண்டே போகும் கவுன்ட்டர் டேபிளும் வேண்டாம். மறுபடி ஓடினால் மறுபடி கூட்டிவிடும்.

3. முகவரி கொடுங்கள்

கனெக்ஷன் ஹோஸ்ட் அமைப்பில் இரண்டு மூன்று நோடுகளின் முகவரி போதும். மற்றவற்றை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். போர்ட் 9042. உங்கள் கணினியிலிருந்து தொடர்பு கிடைத்தால் மட்டும் போதாது, எழுதுவது எக்ஸிக்யூட்டர்கள் (ஸ்பார்க்கின் டாஸ்க்குகளை ஓட்டுபவை). அவை ஒவ்வொன்றிலிருந்தும் எல்லா நோடுகளுக்கும் வழி திறந்திருக்க வேண்டும்.

4. எழுதுங்கள்

கீஸ்பேஸ் (டேபிள்கள் இருக்கும் தொகுப்பு), டேபிள் பெயர்களைக் கொடுத்து அப்பெண்ட் (இருப்பதை அழிக்காமல் சேர்க்கும்) முறையில் எழுதுங்கள். ஓவர்ரைட் என்றால் டேபிளையே முதலில் காலி செய்துவிடும். நல்லவேளை, தனியாக ஒப்புதல் அமைப்பு கொடுக்காமல் கனெக்டர் அதைச் செய்யாது.

5. வேகத்தைக் கட்டுங்கள்

ஸ்பார்க் முழு வேகத்தில் எழுதினால் கசாண்ட்ரா திணறி, டைம்அவுட் வரும். நொடிக்கு இத்தனை எம்பி என்று எழுதும் வேகத்துக்கு வரம்பு வைக்கலாம். அது ஸ்பார்க்கின் ஒரு பிராசசர் கோருக்கான கணக்கு. 20 கோர் ஓடினால் 20 மடங்கு.

அப்புறம், தானியங்கி அட்டவணையில் போடுவதற்கு முன், ஒரே நாளின் தரவை வேண்டுமென்றே இரண்டு முறை ஓட்டி, வரிசைகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை கூடியிருந்தால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.