பழைய எண்ணூறுக்கு எந்த ஹெட்லைட் பல்ப்?

என் வண்டி 1998 மாடல் மாருதி 800. அப்பா வாங்கியது. எனக்கு ஏலக்காய் வியாபாரம் என்பதால் வாரத்தில் இரண்டு நாளாவது விடியற்காலை நாலு மணிக்குப் போடியிலிருந்து கிளம்பி, போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கம் போய்விட்டு வருவேன். 17 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலம் வந்துவிட்டால் மேலே போகப் போக மூடுபனி வேறு. அந்த ரோட்டில் என் ஹெட்லைட் மெழுகுவர்த்தி மாதிரி எரிந்துகொண்டிருந்தது பல வருஷம்.

'பல்ப் பழசாகிவிட்டது, பவர் கூட்டிப் போடு' என்றார்கள். 100/90 வாட் பல்ப் ஒரு ஜோடி வாங்கிப் போட்டேன். முதல் வாரம் வெளிச்சம் பிரமாதம். மூன்றாவது மாதம், மெட்டு இறங்கும்போது ஒரு வளைவில் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. அடுத்த நொடி இரண்டு லைட்டும் போய்விட்டன. பிரேக்கை மிதித்துக்கொண்டே பார்க்கிங் லைட்டைப் போட்டு, செல்போன் டார்ச்சை மனைவி கையில் கொடுத்து ஜன்னல் வழியாக அடிக்கச் சொல்லி, அடுத்த அகலமான இடம் வரை ஊர்ந்து வந்தேன். மறுநாள் கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் ஹோல்டர் உருகி, பல்பின் காலோடு ஒட்டிக் கிடந்தது. டிம்-பிரைட் சுவிட்சும் உள்ளே தீய்ந்திருந்தது. பல்ப் மட்டும் இரண்டும் நன்றாகவே இருந்தன!

பழைய வண்டிக்கு பல்ப் வாங்குவதைப் பற்றி நான் கற்றது அத்தனையும் அந்த ராத்திரிக்கு அப்புறம்தான்.

முதலில், கடைக்குப் போகாதீர்கள். வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறங்கள். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டை டிம்மில் போட்டு, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 13.5-லிருந்து 14.4 வோல்ட் வரை எது வந்தாலும் சரி. என் வண்டியில் 13.8 இருந்தது. அடுத்து பல்புக்குப் பின்னால் போகும் கப்ளர், அதாவது பல்பின் கால்களில் வயரைச் செருகும் ஹோல்டர். அதைக் கழற்றாமல், லைட் எரியும்போதே, வயர் நுழையும் பக்கமாக மீட்டரின் கூர் முனைகளைச் செருகிப் பாருங்கள். கழற்றிவிட்டுப் பார்த்தால் கரண்ட் ஓடாது, எந்த இழப்பும் தெரியாது, பேட்டரியில் காட்டிய அதே எண்ணைக் காட்டி ஏமாற்றும். எனக்கு அங்கே வந்தது 11.6.

இரண்டு வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் நூற்றுக்குப் பத்து குறைந்தால் வெளிச்சம் பத்து குறையாது, முப்பது குறையும். என் கணக்குக்குக் கிட்டத்தட்ட பாதி வெளிச்சம் வயரிலேயே போய்விட்டது. இருபது வருஷத்துக்கு மேலான வயர், பச்சை பூத்த எர்த் நட்டு, தேய்ந்த சுவிட்ச் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. இந்த நிலையில் எந்த பல்பைப் போட்டாலும் அது பாதிப் பட்டினியில்தான் எரியும். பெரிய வாட் பல்ப் போட்டால் இன்னும் மோசம். 55 வாட் இரண்டு எரிய சுமார் 9 ஆம்பியர் போதும். 90 வாட் இரண்டுக்கு 15 ஆம்பியர் வேண்டும். வயரில் ஏறும் சூடு ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், பழைய வயரும் சுவிட்சும் முன்பைவிட இரண்டே முக்கால் மடங்கு சூட்டைத் தாங்க வேண்டும். ஹோல்டர் உருகியதற்குக் காரணம் இதுதான்.

சரி, இப்போது பல்ப். டூமிலிருந்து, அதாவது முன் கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த ஹெட்லைட் கூட்டிலிருந்து, பழைய பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பகுதி உலோகத்திலேயே எல்லாம் பொறித்திருக்கும். எண்ணூறில் இருப்பது 'எச்4, 12 வோல்ட், 60/55 வாட்'. பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழை, பின்னால் மூன்று கால். டிம் இழைக்குக் கீழே சின்னக் கரண்டி மாதிரி ஓர் உலோகத் தடுப்பு இருக்கும். எதிரே வருகிறவர் கண்ணில் வெளிச்சம் ஏறாமல் வெட்டுவது அந்தக் கரண்டிதான். இதை நன்றாகப் பார்த்து வையுங்கள், எல்.இ.டி பேச்சு வரும்போது வேண்டும்.

எல்லாப் பழைய வண்டியும் எச்4 இல்லை. அம்பாசிடர், பத்மினி வகைகளில் வரும் ஏழு அங்குல வட்ட லைட் சீல்டு பீமாக இருந்தால் தனியாக பல்ப் கிடையாது, கண்ணாடியோடு மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும். அதே அளவில் எச்4 பல்ப் போடும் டூம் கிடைக்கிறது, அதற்கு மாறிவிடுவது நல்லது. இன்னும் பழசில் 45/40 வாட் பல்ப் இருக்கும். பார்க்க எச்4 மாதிரியே இருக்கும், ஆனால் அதன் வளையம் 45 மில்லிமீட்டர், எச்4-ன் வளையம் 43. இந்த இரண்டு மில்லிமீட்டரைக் கவனிக்காமல் வாங்கினால் பல்ப் டூமில் லொடலொடவென்று ஆடும், அல்லது உள்ளேயே போகாது. லாரி, பஸ்சுக்கு 24 வோல்டில் 75/70 வாட். அதைக் காரில் போட்டால் மங்கலாக எரியும். 12 வோல்ட் பல்பை லாரியில் போட்டால் போட்ட உடனே போய்விடும்.

பைக்குக்கு ஒரு தனி எச்சரிக்கை. நிறைய பைக்குகளில் இருப்பது எச்.எஸ்.1 என்கிற 35/35 வாட் பல்ப். எச்4-க்குத் தம்பி மாதிரி இருக்கும். பல்ப் வளையத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளை அரம் போட்டுத் தேய்த்து எச்4-ஐ உள்ளே திணிக்கும் கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள். செய்ய விடாதீர்கள், அந்தச் சின்ன வண்டியில் கரண்ட் தயாரிக்கும் கம்பிச்சுருளான 'காயில்' 60 வாட் கொடுக்காது. பழைய பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதே இல்லை, நேராகக் காயிலிருந்து ஏ.சி.யில் எரியும். ஆக்சிலரேட்டர் முறுக்கினால் வெளிச்சம் ஏறி, விட்டால் இறங்குகிறதா? அதுதான் அடையாளம். அதில் டி.சி. எல்.இ.டி போட்டால் மின்மினிப் பூச்சி மாதிரி துடிக்கும்.

கடையில் போய் நின்றால் மூன்று விதமாகக் காட்டுவார்கள். சாதா, 'இத்தனை சதவீதம் அதிக வெளிச்சம்' என்று போட்டது, நீலச் சாயம் பூசிய 'சூப்பர் ஒயிட்'. நீலத்தை எடுக்காதீர்கள். ஹாலஜன் இழை சுமார் 3200 கெல்வினில் லேசான மஞ்சளாகத்தான் எரியும். அதை வெள்ளையாகக் காட்ட மஞ்சளையும் சிவப்பையும் பூச்சு விழுங்கிவிடுகிறது. அதாவது காசு கொடுத்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறோம். அதிக வெளிச்ச பல்ப் பொய் இல்லை, ரோட்டில் வித்தியாசம் தெரியும். ஆனால் இழையை இன்னும் சூடாக எரிய விடுவதால் ஆயுள் குறைவு. பள்ளம் மேடான ரோட்டில் அதிர்வும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் போகும். மெட்டு ஏறி இறங்குகிற எனக்கு சாதா 60/55 போதும் என்று முடிவு செய்தேன். பிலிப்ஸ், ஓஸ்ராம் போல எது கிடைத்தாலும் சரி, இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி, ஒரே நாளில் வாங்கியதாக இருக்கட்டும். ஒரு பல்ப் போனால் மற்றதும் அதே வயசுதானே. பல்பின் அடியில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கிறதா பாருங்கள். ஐரோப்பிய அங்கீகாரக் குறி அது. 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து கொடுத்த அங்கீகாரம். அட்டைப்பெட்டியில் மட்டும் குறி இருந்து பல்பில் இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எல்.இ.டி பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. நானும் இரண்டு மாதம் போட்டுப் பார்த்தவன்தான். வண்டிக்கு முன்னால் பத்தடி பால் கொட்டினாற்போல வெள்ளை, அதற்கு அப்பால் இருட்டு. எதிரே வந்த அத்தனை ஜீப்பும் பிரைட் அடித்துத் திட்டிவிட்டுப் போனது. டிம்மில்தான் போகிறேன் என்று எப்படிச் சொல்ல? காரணம் எளிது. டூமின் ரிஃப்ளெக்டர், மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று சரியாக இந்த இடத்தில் எரியும் என்று கணக்குப் போட்டு வளைத்த கிண்ணம். எல்.இ.டி.யில் ஒளி இரண்டு பக்கத் தகட்டிலிருந்து வருகிறது. இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் வெளிச்சம் சிதறும். போதாததற்கு மூடுபனியில் அந்த நீல வெள்ளை கண்ணிலேயே திரும்பி அடிக்கும். எல்.இ.டி.க்கென்றே செய்த முழு டூம் என்றால் அது வேறு கதை. ஹாலஜன் கிண்ணத்தில் வேண்டாம்.

பல்ப் வாங்கிவிட்டோம், வயர் பட்டினிக்கு என்ன வழி? ரிலே. சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாகத் தனியாகக் கனமான வயர், 2.5 சதுர மில்லிமீட்டர், ரிலேயில் 30 என்று எண் போட்ட காலுக்கு. 87-லிருந்து பல்புக்கு. பழைய கப்ளருக்கு வந்துகொண்டிருந்த கரண்ட் இனி 85, 86 கால்களில் ரிலேயை இயக்குவதோடு சரி. பியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். பல்பின் எர்த்தையும் புதுசாக, பெயிண்டைச் சுரண்டிய இடத்தில் முடுக்குங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜப்பான் வழி வந்த வண்டிகள் பலவற்றில் சுவிட்ச் பிளஸ்ஸை வெட்டாது, எர்த்தை வெட்டும். கப்ளரைக் கழற்றி, டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பை பாடியில் மாட்டி, மூன்று துளையிலும் தொட்டுப் பாருங்கள். டிம்மில் ஒரு துளை, பிரைட்டில் வேறு துளை எரிந்தால் சாதாரண வயரிங். டிம்மிலும் பிரைட்டிலும் ஒரே துளைதான் எரிகிறது என்றால் எர்த் சுவிட்ச். அதைக் கடைக்காரரிடம் சொல்லி அதற்கேற்ற கிட் கேளுங்கள், இல்லையென்றால் போட்ட ரிலே சும்மா உட்கார்ந்திருக்கும். புரியவில்லை என்றால் ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் விட்டுவிடுங்கள், அரை நாள் வேலை. ரிலே போட்ட பிறகு என் கப்ளரில் 13.4 வந்தது. பல்ப் அதே சாதா 60/55.

ரிலே இல்லாமலே கப்ளரில் 13-க்கு மேல் வந்தால், அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம். பல்ப் அடிக்கடி போய்க்கொண்டே இருந்தால் பல்பைத் திட்டாமல் பேட்டரி முனையில் வோல்டேஜ் பாருங்கள். 14.8-ஐத் தாண்டினால், சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்தான் குற்றவாளி.

மாட்டும்போது: பழைய பல்ப் ஆறட்டும், சுடும். கப்ளர், ரப்பர் பூட், கம்பி கிளிப் என்று வரிசையாகக் கழற்றுங்கள். கிளிப் துள்ளி பம்பருக்குள் விழும், ஒரு கையை அதன் மேல் வையுங்கள். புது பல்பை உலோகத்தில் மட்டும் பிடியுங்கள். விரல் எண்ணெய் கண்ணாடியில் பட்டால் அந்த இடம் தனியாகச் சூடேறி வெடிக்கலாம். பட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மூன்று காதில் அகலமானது மேலே வரும், ஒரே மாதிரிதான் உட்காரும். வலுவந்தம் செய்ய வேண்டி வந்தால் தப்பாக வைத்திருக்கிறீர்கள். ரப்பர் பூட்டை நன்றாக அமுக்குங்கள், இல்லையென்றால் முதல் மழையிலேயே டூமுக்குள் தண்ணீர் நிற்கும். கையோடு டூமின் உள்பக்கத்தையும் எட்டிப் பாருங்கள். ரிஃப்ளெக்டர் வெள்ளி போய் கறுத்திருந்தால் எந்த பல்பும் உதவாது. அதைத் துடைக்கப் போனால் இருக்கிற பூச்சும் கையோடு வந்துவிடும். டூமையே மாற்றுங்கள்.

கடைசி வேலை சுவர். சமதளத்தில், காற்று சரியாக அடித்த டயரோடு, பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, பல்பின் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். டிம்மில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும், இடது பக்கம் மட்டும் கொஞ்சம் ஏறி. பின்சீட்டில் ஏலக்காய் மூட்டை ஏற்றுகிறவர் என்றால் மூட்டையோடு பாருங்கள், பின்பக்கம் இறங்கினால் லைட் மேலே போகும். நான் எங்கள் தெருவில் மில் சுவரில் பார்த்தேன். வாட்ச்மேன் தாத்தா வந்து, 'தம்பி, சினிமா போடுறியா?' என்று கேட்டார்.

உருகிப்போன அந்த ஹோல்டரைத் தூக்கிப் போடவில்லை. கிளவ் பாக்ஸில், ஒரு சாதா எச்4 பல்புக்கும் இரண்டு 15 ஆம்பியர் பியூஸுக்கும் பக்கத்தில், துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். 'பவர் கூட்டிப் போடுண்ணே' என்று யாராவது ஆரம்பித்தால் எடுத்துக் காட்டுவேன்.